அரிசி மூடைக்காக மறைத்த கை

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். விபத்தே இல்லாத வேலைத்தளத்துக்குப் பரிசு கொடுப்பது பாதுகாப்பை வளர்க்கிறதா, விபத்தை மறைக்கிறதா? மறைக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"ஆறு மாதம் விபத்தில்லாமல் ஓடும் பட்டறையில் ஆளுக்கொரு அரிசி மூடை கொடுங்கள், கவனம் தானாக வரும்" என்றார் எதிரணித் தலைவர். அந்த மூடையை நான் பார்த்திருக்கிறேன், ஐயா.

எங்கள் அண்ணா யாழ்ப்பாணத்து மரக்காலை ஒன்றில் வட்டவாளில் நின்றவர். அங்கும் இதே பரிசுதான். வெட்டுப்பட்ட பலகை வாளை நெரிக்காதபடி பின்னால் ஒரு தகடு இருக்கும். அது கழன்று கிடந்தது. ஐந்தாம் மாதம் பலகை எகிறி அண்ணாவின் மணிக்கட்டு முறிந்தது. எட்டுப் பேரின் மூடை தன்னால் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. இருட்டிய பிறகு, முறிவுக்குப் புக்கை கட்டும் நாட்டு வைத்தியரிடம் போனார். மரக்காலைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். எலும்பு கோணலாகப் பொருந்தியது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இந்த நாட்டில் 1934 முதல் இருக்கிறது. ஆனால் நடக்கவே இல்லை என்று மறைத்த விபத்துக்கு எந்த முகத்தோடு நட்டஈடு கேட்பது?

தகட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே வாளில் ஓர் இளைஞன் இரண்டு விரல்களை இழந்தான். அதன் பிறகுதான் தகடு பூட்டினார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

சிறிய பட்டறையில் மட்டுமா இந்த ஏமாற்றம்? 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏழு ஆண்டுகளாக வேலைநாள் இழக்கும் காயமே இல்லை என்று பாராட்ட, அதிகாரிகள் அன்றுதான் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். காயக் கணக்கு சுத்தமாக இருந்தது. கிணற்றுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

பரிசே வேண்டாம் என்கிறீர்களா என்று எதிரணி கேட்கும். கொடுங்கள்! தகடு கழன்றிருக்கிறது என்று முதலில் வந்து சொல்பவனுக்குக் கொடுங்கள். வாளை நிறுத்தியவனுக்குக் கொடுங்கள், அன்றைய கூலியையும் வெட்டாதீர்கள். காயப்பட்டவன் வாயை மூடினால்தான் மற்றவர்களுக்கு அரிசி என்ற பேரத்தைத்தான் எதிர்க்கிறேன்.

ஆறாம் மாத முடிவில் எங்கள் வீட்டுக்கும் மூடை வந்தது. அண்ணாவால் தூக்க முடியவில்லை. படலையிலிருந்து அம்மாவும் நானும்தான் இழுத்து வந்தோம்.