பார்க்குக்கு ஒரு நாள், மறுநாள் சும்மா

வணக்கம் நேயர்களே.

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற மாடிவீட்டில் லிப்டுக்குள் ஏறினாலே யாராவது கேட்பார்கள்: "அக்கா, பிள்ளைகளோட முதல்தரம் சிங்கப்பூர் போறம், அஞ்சு நாளில என்னென்ன பார்க்கலாம்?" போய்வந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "அம்மாவும் வாறாவோ?" என்றுதான். அவர் வந்தால் திட்டமே வேறு.

நாங்கள் போனது நான்கு பேர். நானும் கணவரும், எட்டு வயது மகன், 72 வயதில் என் அம்மா. மகனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, செந்தோசாத் தீவில் இருக்கிற யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற கேளிக்கைப் பார்க். கணவர் முதலில் எழுதிய திட்டத்தில் ஐந்து நாளும் காலை 8 மணியிலிருந்து இரவு 9 மணி வரை நிரம்பியிருந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அந்தத் தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். "தம்பி, இதில நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டார். இருக்கிறது என்று அவர் சொன்னது உட்காருவதை. ஒரு கதிரைக்கும் அந்தத் தாளில் இடமில்லை. அன்றைக்கே ஐந்து நாளை ஏழாக்கினோம், பார்க்கிற இடங்களைப் பாதியாகக் குறைத்தோம்.

கட்டுநாயக்காவிலிருந்து விமானம் ஏறக்குறைய நான்கு மணிநேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணிநேரம் முந்தி ஓடுகிறது. நள்ளிரவு விமானத்தில் போனால் நித்திரை பாதியில் முறிந்துபோகும். அதனால் போய் இறங்குகிற நாளில் எதையும் வைக்காதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் போக முன்கூட்டி விசா தேவையில்லை. ஆனால் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் இல்லை.

பார்க்குக்கு எந்த நாள்? சனி, ஞாயிறு வேண்டாம். ஜூனிலும் டிசம்பரிலும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை, அப்போது வரிசைகள் நீளும். நம் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட்டில் லீவு கிடைத்தால், அங்கே பள்ளிக்கூடம் நடக்கிற காலம் அது. 9ஆம் திகதி அவர்களுடைய தேசிய தினத்தை மட்டும் தவிர்த்து, ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள்.

அடுத்தது, டிக்கெட் எடுக்க முதல் செய்ய வேண்டிய வேலை. பிள்ளையைக் கதவு நிலையில் சாய்த்து நிற்பாட்டி உயரத்தை அளந்துவிடுங்கள். பண்டைய எகிப்துப் பகுதியில் இருட்டுக்குள் ஓடுகிற ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும். டைனோசர் பகுதியில் ஆற்றில் சுழன்று போகிற வட்டப் படகுக்கு 107 போதும், பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டும். என் மகன் பள்ளிக்கூடச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, குதிக்காலை மெல்லத் தூக்கித்தான் நின்றான். தோளைப் பிடித்து அமத்திவிட்டுப் பென்சிலால் கோடு போட்டேன். 119. சமையலறை வாசலிலேயே இருந்து அழுதான். அழட்டும் என்று விட்டேன். அழுது முடித்த பிறகு, படகில் இரண்டுதரம் ஏறலாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அதனால் அங்கே அளவுகோலுக்குப் பக்கத்தில் போனபோது அவன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நேரே படகுக்கு ஓடினான்.

செந்தோசாவுக்குப் போக, ஹார்பர்ஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி மேலே உள்ள கடைத்தொகுதியிலிருந்து சின்ன ரயில் பிடிக்கலாம். நடக்கக் கூடியவர்களுக்குக் கடலோரப் பலகைப் பாதையும் இருக்கிறது. அந்தத் தீவின் பழைய மலாய்ப் பெயருக்கு 'சாவுக்குப் பின்னால்' என்று பொருள் சொல்வார்கள். 1970களில்தான் செந்தோசா என்று மாற்றினார்கள். நம்முடைய சந்தோஷமும் இந்தச் செந்தோசாவும் ஒரே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தவை. ரயிலுக்குள் இதைச் சொன்னதும் அம்மா பெயர்ப்பலகையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு வந்தார்.

பார்க் பெரிய காடு இல்லை. நடுவில் ஒரு நீர்நிலை, அதைச் சுற்றிவரப் பகுதிகள். ஒரு முழு நாள் தாராளமாகப் போதும். திறந்ததும் உள்ளே போய், வரிசை கூடுகிறவற்றை முதல் இரண்டு மணிநேரத்துக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகலில் இடிமழை வந்தால் வெளியில் ஓடுகிறவற்றை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் கூரைக்குள் இருந்து பார்க்கிற காட்சிகளுக்கென்று மிச்சம் வையுங்கள். படகில் ஏறினால் உள்ளாடை வரைக்கும் நனையும், மாற்று உடுப்பு கட்டாயம்.

சக்கர நாற்காலி அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். "நான் என்ன வருத்தக்காரியே?" என்று அம்மா முதலில் மறுத்துவிட்டார். இரண்டு மணிபோல நானே போய் எடுத்து வந்தேன். பத்து நிமிடத்தில் மடியில் எங்கள் பைகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் நிழல் என்று கைகாட்டி வழிநடத்தத் தொடங்கிவிட்டார். அதைக் காலையிலேயே எடுக்கவில்லையே என்ற கவலை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. தாய் தகப்பனோடு போகிறவர்கள் வாசலிலேயே கேட்டு எடுத்துவிடுங்கள்.

மறுநாள் சும்மா. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கால் வீங்கியிருக்கும், பிள்ளை பத்து மணிக்குத்தான் எழும்பும். எழும்பட்டும். பின்னேரம் நாங்கள் சிலோன் ரோட்டில் இருக்கிற செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனோம். செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாரை வைத்து எழும்பிய கோயில் என்கிறார்கள். சிங்கப்பூர் இலங்கைத் தமிழர் சங்கம்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. மலாயாவுக்கு வேலை தேடிக் கப்பலேறிய யாழ்ப்பாணத்தவர்களின் கதை நம் வீடுகளில் ஏராளம். அம்மாவின் பெரியப்பாவும் ரயில்வேயில் இருந்தவர். அம்மா வீதியைச் சுற்றி வந்து மண்டபத்தில் ஒரு மணிநேரம் இருந்தார். மகனும் கணவரும் பக்கத்திலே எங்கோ நூடுல்ஸ் சாப்பிடப் போய்விட்டார்கள்.

இன்னொரு நாள் புலாவ் ஊபின் தீவு. சாங்கி முனையில் படகில் ஏற வேண்டும். 12 பேர் சேர்ந்தால் புறப்படும், அட்டவணை கிடையாது. குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நின்ற ஞாபகம் எனக்கு வந்தது. தீவில் வாடகைச் சைக்கிள், பழைய மலாய்க் குடிசைகள், கரையோரக் கண்டல்காடு. அவ்வளவுதான். அவ்வளவே போதுமாக இருந்தது.

கடைசி இரண்டு நாளை மலேசியாவில் இருக்கிற மலாக்கா நகரத்துக்கு வைத்தோம். சிறு பிள்ளைகள் என்றால் எல்லை தாண்டியதும் ஜொகூரில் 2012இல் திறந்த லெகோலாண்ட் பார்க் இருக்கிறது. எங்களுக்கு ஒரு பார்க்கே காணும். மலேசியாவுக்கு இலங்கையருக்கு விசா வேண்டும், கொழும்பிலிருந்தே இணையத்தில் எடுத்துவிட்டுப் போங்கள். பஸ்ஸில் நான்கு மணிநேரம், எல்லையில் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை இறங்கி ஏற வேண்டும்.

மலாக்காச் சதுக்கத்துச் சிவப்புத் தேவாலயத்தைக் கண்டதும் எனக்குக் கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயம்தான் கண்ணுக்குள் வந்தது. ஒல்லாந்தர் மலாக்காவைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1641இல் பிடித்தார்கள், கொழும்பை 1656இல். அந்தத் தேவாலயம் 1753இல் முடிந்தது, நம்முடையது 1757இல். ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு குறுந்தெருவில் பொய்யாத விநாயகர் கோயில், 1781ஆம் ஆண்டு எழுந்தது. அதை வைத்திருப்பவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து தங்கிய தமிழரின் வழிவந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய். சன்னிதியில் நின்ற ஒரு மூதாட்டியிடம் அம்மா "எந்த ஊர்?" என்று கேட்டார். அவருக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டு விபூதித் தட்டை அம்மா பக்கம் நீட்டினார். அம்மா பூசிக்கொண்டு, அவருடைய கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீங்களும் அந்த வழியாகச் சிங்கப்பூருக்குத் திரும்புவதென்றால் வருகை அட்டையை இன்னொருதரம் நிரப்ப வேண்டும். ஞாயிறு பின்னேரம் எல்லைப் பாலத்தில் நெரிசல் அதிகம். ஒரு இரவு கூடத் தங்கி, திங்கள் காலையில் புறப்படுங்கள்.

நன்றி, வணக்கம்.