ஏற்றத்தில் நிற்கும் பி.எஸ்.ஏ.: சூட்டில் மறையும் பொறியைத் தேடுதல்

காட்சி: மூடுபனி படர்ந்த தேயிலைச் சரிவு, பாதையோரத்தில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள்.

வணக்கம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், காலையில் ஒரே உதையில் உயிர்பெற்ற பி.எஸ்.ஏ. பி31 மோட்டார் சைக்கிள், இயந்திரம் நன்றாகச் சூடேறியதும் தடுமாறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவும் நடக்காததுபோல் மீண்டும் ஓடுகிறது. இந்நிலையில் பலர் முதலில் காபரேட்டரைக் கழற்றுகிறார்கள். என் அனுபவத்தில், அதற்கு முன் பார்க்க வேண்டியது, பிளக்குக்குத் தீப்பொறியைத் தரும் மெக்னீட்டோவையே.

காட்சி: லூக்காஸ் மெக்டைனோவின் அண்மைத் தோற்றம்.

1945இல் வெளிவந்த இந்த 348 சி.சி. வண்டியின் மெக்டைனோவில் இரண்டு கருவிகள் சேர்ந்திருக்கின்றன. கீழே உள்ள மெக்னீட்டோ பொறியைத் தருகிறது. மேலே உள்ள டைனமோ 6 வோல்ற்று பற்றரிக்கு மின்னேற்றி, விளக்கையும் ஹோர்னையும் இயக்குகிறது. பற்றரியே இல்லாவிட்டாலும் இயந்திரம் ஓடும் என்பதால், பொறி வராத வண்டிக்குப் புதிய பற்றரி வாங்குவது வீண்செலவு.

காட்சி: சிலிண்டரின் மேல் வைக்கப்பட்ட உதிரி பிளக்.

சோதனையை வண்டி நின்ற அந்த நிமிடமே செய்ய வேண்டும். வீட்டுக்குத் தள்ளிவந்து ஆறிய பின் பார்த்தால் பொறி நன்றாகவே வரும், குறை ஒளிந்துகொள்ளும். எனவே ஓர் உதிரி பிளக்கை எப்போதும் பையில் வைத்திருங்கள். பழைய பிளக்கைக் கழற்றாமல், வயரை மட்டும் உதிரி பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடல் சிலிண்டர் இதழ்களில் அழுந்தும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பழைய பிளக் அதன் இடத்திலேயே இருப்பதால் பெற்றோல் ஆவி வெளியே வந்து தீப்பற்றும் அபாயம் குறைகிறது. வயரை எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டு உதைக்க வேண்டாம். அதனால் மெக்னீட்டோவுக்குள் சுழலும் ஆமேச்சர் சுருளின் காப்பு பழுதாகலாம்.

நீலப் பொறி பளிச்சென்று வந்தால் மெக்னீட்டோவை விட்டுவிட்டு, பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டாலும் வண்டி இதேபோலத்தான் நிற்கும். பொறி மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால், ஆமேச்சருக்குள் இருந்து மின்னைத் தேக்கும் கண்டென்சரையும் சுருளையும் சந்தேகிக்கலாம். பழைய கண்டென்சர் சூட்டில் மின்னைக் கசியவிடுகிறது. அது கெட்டால், மின்சுற்றைத் திறந்து மூடும் பாயின்ட் முனைகளில் தீப்பொறி பறந்து அவை கருகிக் குழிவிழும். பாயின்டைத் தேய்த்துச் சுத்தம் செய்வது சில நாட்களுக்கு மட்டுமே உதவும். ஆமேச்சரைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரையும் மாற்றுவதே நிலையான தீர்வு. இந்த வேலையைத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

அதற்கு முன் இரண்டு எளிய விடயங்களை உறுதிசெய்து கொள்ளுங்கள். பாயின்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஈரம், ஆமேச்சரோடு சுழலும் சிலிப் வளையத்தில் படிந்து, காபன் தூளோடு சேர்ந்து பொறியைத் திசைதிருப்புகிறது. வளையத்திலிருந்து மின்னை எடுத்து வயருக்குத் தரும் பிக்கப்பைக் கழற்றி, பெற்றோலில் நனைத்த துணியைப் பென்சிலில் சுற்றி வளையத்தின் மேல் அழுத்தி, இயந்திரத்தை மெதுவாகச் சுழற்றுங்கள். பிக்கப்பில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அதை மாற்றிவிட வேண்டும்.

காட்சி: டைனமோவின் டி, எஃப் முனைகள்.

விளக்கு மட்டும் மங்கினால் டைனமோவைப் பாருங்கள். இரு வயர்களையும் கழற்றி, டி (மின் வெளியீடு), எஃப் (ஃபீல்ட் சுருள்) முனைகளை ஒன்றாக இணைத்து, அவற்றுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே வோல்ற்றுமானியை மாட்டி, இயந்திரத்தின் வேகத்தை மெதுவாகக் கூட்டுங்கள். முள் தடங்கலின்றி உயர வேண்டும். 10 வோல்ற்றைத் தாண்ட விடாதீர்கள். அசைவே இல்லையென்றால் மின்னை எடுக்கும் காபன் பிரஷ்களையும், அரை வோல்ற்று அளவில் நின்றால் காந்தப்புலத்தை உருவாக்கும் ஃபீல்ட் சுருளையும், ஒன்றரை முதல் இரண்டு வோல்ற்று வரை காட்டினால் டைனமோவின் ஆமேச்சரையும் சோதியுங்கள்.