கிழட்டுப் பூனைக்குக் காப்பகமா, வீடா?

நடுவர் அவர்களே, பினாங்கு வாழ் தமிழ் மக்களே, வணக்கம்.

எதிரணி அக்கா அருமையாகப் பேசினார். தெருவிலிருந்து மீட்ட கிழட்டுப் பூனைக்குக் காப்பகமே போதும், வீட்டுக்குக் கொண்டுவந்தால் செலவு, மருந்து, கடைசியில் அழுகை என்றார். காப்பகத்தில் சாப்பாடும் உண்டு, டாக்டரும் உண்டு என்றார். உண்டுதான், யார் இல்லை என்றது?

ஆனால் காப்பகத்தில் ஒரே கூடத்தில் பல பூனைகள். தண்ணீர்ச் சட்டி பொது, மலம், சிறுநீர் கழிக்கும் மணல் தட்டும் பொது. அதில் ஒரு பூனை இன்று இரண்டு மடங்கு தண்ணீர் குடித்ததை யார் கண்டது? வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு சர்வசாதாரணம். கூடுதலாகத் தண்ணீர் குடிப்பது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். வீட்டில், சிறுநீர் பட்டால் கட்டிபிடிக்கும் மணலைப் போடுங்கள். தினமும் அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நாலு கிலோ பூனையில் இருநூறு கிராம் குறைந்தால் நூற்றுக்கு ஐந்து போய்விட்டது, உடனே கிளினிக். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா? தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து என்று பயமுறுத்தினாரே, அதைப் பிரித்துப் பார்ப்போம். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவார்கள். நாலு கிலோ பூனைக்கு ஒரு தடவைக்கு நூறு மில்லி அளவில் எழுதித் தருவது வழக்கம். முதல் தடவை டாக்டர் கைபிடித்துக் காட்டுவார். திரவப் பையை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். சில்லென்று ஏற்றினால் பூனை திமிறும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியை அடிவாரத்தில் நுழைக்க வேண்டும். முடி நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். ஏற்றிய பிறகு தோலுக்கடியில் தொளதொளவென்று வீங்கி, காலுக்கு இறங்கும். சில மணி நேரத்தில் வற்றிவிடும். அதற்குப் பயந்து ஊசியை நிறுத்தாதீர்கள். ஆனால் மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள், உடனே கிளினிக். இதயக் கோளாறு உள்ள பூனைக்கு இந்தத் திரவமே ஆபத்து.

நம்மாட்கள் தடுக்கி விழும் இடம் அடுப்படிதான். மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பது பாசம்தான், ஆனால் அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வாய் வைக்க மறுத்தால் கெம்போங் மீனை உப்பு, மஞ்சள் இல்லாமல் அவித்து, முள்ளை நீக்கி, கொஞ்சம் சூடோடு டாக்டர் சொன்ன உணவின்மேல் தூவுங்கள். ஒரு நாள் முழுதும் சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், குண்டுப் பூனைக்குக் குறிப்பாக, கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே உலை வைக்கும்.

இட வசதியா? அடுக்குமாடியில் ஒரு சின்ன அறை போதும். முதல் இரண்டு வாரம் மற்ற பூனைகளோடு சேர்க்காமல், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியோடு விடுங்கள். மணல் தட்டுக்கு வெளியே நனைத்தால் திட்டாதீர்கள். முட்டி வலிக்கும் கிழவனால் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாது. ஒரு பக்கத்தை இரண்டு அங்குல உயரம் மட்டும் இருக்கும்படி வெட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

ஆர்மேனியன் தெருச் சுவரிலுள்ள பூனை ஓவியத்துக்கு முன்னால் வரிசை பிடித்துப் படம் எடுக்கிறோம். கடைவீட்டு முன்நடைபாதையான அஞ்சடியில் படுத்திருக்கும் நிஜப் பூனைக்கு வயதானால் மட்டும் சுமையா?

அழுகை உண்டு அக்கா, மறுக்கவில்லை. உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டு, எழுந்து மணல் தட்டுவரை போக முடியாமல், பிடித்ததைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பினால் வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். முதலில் மயக்க ஊசி, தூங்கிய பிறகே உயிரை அடக்கும் அடுத்த ஊசி. உங்கள் மடியிலேயே நடக்கலாம். வெளியூர் வேலையில் மாதக்கணக்காக அலைபவர்கள் எடுக்க வேண்டாம், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள் நடுவரே, ஒரு நிமிடம். பூனைக்கு உடம்பு சுட்டால் அலமாரியிலுள்ள பனடோல் காய்ச்சல் மாத்திரையை நொறுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கான மாத்திரையில் பாதியே அதன் உயிரை எடுத்துவிடக்கூடும். நன்றி, வணக்கம்.