கணக்கெழுதிய இரு கொலைகாரர்கள்

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில், மெக்பெத் நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவர்களும் உண்டு, பிரேக்கிங் பேட் தொடரை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தவர்களும் உண்டு. முன்னது 1606ஆம் ஆண்டையொட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய துன்பியல் நாடகம்; பின்னது 2008 முதல் 2013 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 62 பகுதிகளாக வெளிவந்த குற்றத் தொடர். அங்கே ஒரு படைத்தலைவன் அரசனைக் கொன்று முடிசூடுகிறான். இங்கே நுரையீரல் புற்றுநோய் கண்ட வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், போதைப்பொருள் தயாரிக்கத் தொடங்கிப் பெருங்குற்றவாளியாகிறார். நல்லவன் கெட்ட கதை என்று இரண்டையும் ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால், நிதானமாக யோசித்துச் செய்யும் முதல் கொலைக்கு முன் இருவருமே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதுதான் என்னை இந்த ஒப்பீட்டுக்கு இழுத்தது.

முதல் அங்கம், ஏழாம் காட்சி. அரசன் டங்கன் உள்ளே விருந்துண்ண, மெக்பெத் தனியே நின்று எண்ணிப் பார்க்கிறான். நான் அவனுக்கு உறவினன், குடிமகன், போதாததற்கு விருந்தளிப்பவன். கொலைகாரன் வந்தால் கதவடைக்க வேண்டிய நானே கத்தியை எடுக்கலாமா? அவனோ குறைகூற இடமில்லாத அரசன். கொல்லாதிருக்க இத்தனை காரணங்களைச் சொன்னபின், கொல்வதற்கு எஞ்சுவது பேராசை ஒன்றே என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான். வால்டரோ, நிலவறையில் பூட்டிவைத்த போதைப்பொருள் வியாபாரியை என்ன செய்வதென்று தாளில் இரு பக்கமாகப் பிரித்தே எழுதுகிறார். விட்டுவிடப் பல காரணங்கள். கொல்ல ஒன்றுதான்: விட்டால் அவன் என் குடும்பத்தையே அழித்துவிடுவான்.

அந்த வேளையில் அது பொய்யல்ல. ஆனால் வசதி படைத்த பழைய நண்பர்கள் சிகிச்சைச் செலவை ஏற்க முன்வந்தபோது மறுத்தவரும் இதே வால்டர்தான். மெக்பெத் முதல் அங்கத்திலேயே சொல்லிவிட்டதை, அதாவது எல்லாம் எனக்காகவே என்பதை, இவர் கடைசிப் பகுதியில்தான் மனைவியிடம் சொல்கிறார். அதுவரை நாமும் அவரை நம்பிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்காகத்தான் இந்த ஊரில் கிடந்து பாடுபடுகிறோம் என்று சொல்லிப் பழகிய நம்மிடம் அந்தக் காரணம் எளிதில் செல்லுபடியாகிறது. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே மெக்பெத் மிகச் சிறியது. இவ்வளவு நீண்ட தன்னேமாற்றுக்கு அதில் இடமில்லை.

கணக்கெழுதும் வழக்கம் இருவரிடமும் விரைவில் மறைகிறது. டங்கனைத் தன் கையால் கொன்று நடுங்கியவன், தன் தோழனும் சக படைத்தலைவனுமான பாங்க்வோவைக் கொல்லக் கூலியாட்களை அனுப்புகிறான். தன்னை எதிர்க்கும் பிரபு மெக்டஃபின் மனைவி மக்களை அழிக்கும்போது, நினைத்ததைக் கை உடனே செய்யட்டும் என்கிறான். வால்டரின் ஏவலால் மூன்று சிறைகளில் இருந்த, அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடியவர்கள் இரண்டே நிமிடங்களுக்குள் கொல்லப்படும்போது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வீட்டில் நிற்கிறார்.

முடிவில்தான் இருவரும் பிரிகிறார்கள். மனைவி இறந்த செய்தி வரும்போது மெக்பெத்துக்கு வாழ்க்கையே பொருளற்ற கூச்சலாகத் தெரிகிறது. வெல்ல வழியில்லை என்று தெரிந்தும் போரிட்டு மடிகிறான். வால்டரோ தமக்குப் பிடித்த ஆய்வுக்கலங்களைத் தடவிப் பார்த்தபடி, ஏறக்குறைய நிறைவோடு சாய்கிறார். இந்த ஓரிடத்தில் தொடர் தன் நாயகனுக்குச் சலுகை காட்டிவிட்டது என்றே நினைக்கிறேன், ஷேக்ஸ்பியர் காட்டவில்லை. நன்றி, வணக்கம்.