சந்தேகங்களுக்கு விளக்கம்: விடுமுறையிலும் அடுப்படிதானா?

போன பேச்சில், இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் சமையலறையோடு ஒரு சின்ன வீட்டை ஒரு வார வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “வருஷமெல்லாம் வீட்டில் சமைக்கிறோம். விடுமுறையிலும் அடுப்படிதானா? ஹோட்டலுக்கே போய்விடலாமே?” நியாயமான கேள்வி. எனக்கு ரொம்பப் பிடித்தது.

மூன்று வேளையும் சமைக்கச் சொல்லவில்லை. காலையில் ரொட்டி, முட்டை. மதியத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு நடக்கப் போய்விட வேண்டும். இரவு மட்டும் ஒரு சாதம், ஒரு குழம்பு. அதையும் வீட்டில் எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும். ஒருத்தர் தலையிலேயே கட்டுவதென்றால் ஹோட்டலுக்கே போங்கள், அதுதான் சரி. பாத்திரமெல்லாம் அங்கே இருக்கும். புளி, கடுகு, மிளகாய்த்தூள் நீங்கள் கொண்டுபோக வேண்டும். பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், 1994 முதல் சட்டமே அப்படி. அதனால் சனிக்கிழமை போய் இறங்குகிறவர்கள் வழியிலேயே சாமான் வாங்கிவிடுங்கள். அப்புறம், பல கிராமத்து வீடுகளுக்கு செப்டிக் டேங்க்தான். மிச்ச எண்ணெயை சிங்கில் ஊற்றாதீர்கள்.

சரி, எந்த வீட்டை எடுப்பது என்று யாராவது கேட்பார்களா என்றுதான் நான் காத்திருக்கிறேன். பழைய நேயர்களுக்கு என் பதில் தெரியும்: வீட்டைப் பார்க்காதீர்கள், வாசலில் கிளம்பும் நடைபாதையைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் படத்தில் கல் சுவரையும் விறகு அடுப்பையும் பார்த்து மயங்கி ஒரு வீட்டை எடுத்தது. அழகான வீடுதான். ஆனால் வாசலைத் தாண்டினால் வண்டிகள் பறக்கிற சாலை, ஓரத்தில் நடக்க இடமில்லை. பால் வாங்கக்கூட கார்தான்.

அந்தப் பாதை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தை விரித்தால் பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகும் கோடுகள் தெரியும். அவை பொது வழிகள். ஒருவருடைய வயலுக்கு நடுவே, ஆடு மேய்கிற புல்வெளிக்கு நடுவே போனாலும் நீங்கள் நடக்கலாம், நிலத்துக்காரர் மறிக்க முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படி 2 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

இந்த உரிமை எல்லா இடத்திலும் சும்மா கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டுநிலம். பறவை வேட்டைக்காக அதை நிலப்பிரபுக்கள் அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று, பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள், நூற்றுக்கணக்கில் திரண்டு தடையை மீறி அதில் ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 1949-இல் வந்த சட்டம், பொது வழிகளையெல்லாம் வரைபடத்தில் பதியச் சொல்லி உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது. 1951-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. திறந்த மேட்டுநிலத்தில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. அந்த வாரம் உங்கள் பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடுவது அன்று தடையை மீறி ஏறியவர்கள் வாங்கித் தந்தது. இதைச் சொல்லாமல் என்னால் அந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது.

அதனால் முதல் தடவை போகிறவர்களுக்கு ஈடேல் என்ற கிராமத்துப் பக்கம் வீடு எடுக்கச் சொல்வேன். கிண்டர் ஸ்கவுட்டின் அடிவாரம். ஸ்காட்லாந்து வரை போகும் பென்னைன் வே நடைவழி அங்கேதான் தொடங்குகிறது. மான்செஸ்டர்–ஷெஃபீல்டு ரயில் ஈடேலில் நிற்கும், கார் வேண்டாம். வழியில் வரும் கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட்டுப் போங்கள். ஏப்ரலில் போனால் குட்டி ஈன்ற ஆடுகள் இருக்கும், நாயைக் கயிற்றிலேயே பிடித்திருங்கள்.