செவுளைத் தூக்கிப் பார்த்து ஓட்டுப் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாம்பன் குந்துகாலில் விடியற்காலை மீன் ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடையில் மேலாகக் கிடக்கும் மீன் பளபளவென்றுதான் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு யாரும் விலை கேட்பதில்லை. ஒரு மீனை எடுத்து, செவுளைத் தூக்கி, உள்ளே இரத்தச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்கிய குழி அப்படியே நின்றால் மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிடுவார்கள்.

இணையத்தில் உள்ள கேள்வி பதில் தளங்களில் நான் பல வருடமாக எழுதி வருகிறேன். அங்கே பதில்களுக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் நிறையப் பேர் செவுளைத் தூக்குவதே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போன வருடம் ஒருவர், “ஆடி மாதம் ராமேஸ்வரத்தில் படகில் போகலாமா?” என்று கேட்டிருந்தார். பத்து நிமிடத்துக்குள் வெளியூர்க்காரர் ஒருவர் அழகான படம் ஒன்றோடு பதில் போட்டார்: ஆடிக் காற்று, கடல் கொந்தளிக்கும், வராதீர்கள். ஓட்டு குவிந்தது. இரண்டு நாள் கழித்துத் தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் நாலு வரி எழுதினார். ஆடியில் அடிக்கும் கச்சான் காற்றில், அதாவது தென்மேற்குக் காற்றில், கொந்தளிப்பது தென்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம். வடகடல், அதாவது பாக் விரிகுடா, அப்போது குளம் மாதிரி கிடக்கும். வாடை பிறந்தால் எல்லாம் தலைகீழ். நீங்கள் எந்தக் கரையில் ஏறப் போகிறீர்கள்? இவ்வளவுதான் அவர் எழுதியது. காற்று மாறினால் வள்ளத்தையே கரை மாற்றிக் கட்டுகிறவர்களின் அறிவு அது. விழுந்த ஓட்டு மூன்று. அதில் ஒன்று என்னுடையது.

முந்தி வந்த பதிலுக்கு ஓட்டு விழுகிறது, ஓட்டு விழுந்ததாலேயே அது மேலே நிற்கிறது, மேலே நிற்பதால் இன்னும் விழுகிறது. லெவ் முச்னிக், சினான் அரல், சீன் டெய்லர் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் இதைச் சோதித்து, 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரு செய்தித் தளத்தில் வாசகர்கள் போட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், குலுக்கிப் போட்டு எடுத்த சிலவற்றுக்குத் தாங்களே முதல் ஆதரவு ஓட்டைப் போட்டுவைத்தார்கள். அடுத்து வந்தவர் ஆதரிக்கும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அவற்றின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் ஏறி நின்றது. வேறு சிலவற்றுக்குப் பொய்யாகப் போட்ட எதிர்ப்பு ஓட்டை, பின்னால் வந்த வாசகர் கூட்டம் சரிசெய்துவிட்டது. பொய்ப் பாராட்டை அப்படியே விட்டுவிட்டது.

2008-இல் கணினி நிரலாளர்களுக்காகத் தொடங்கிய ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ என்ற கேள்வி பதில் தளத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு பதிலுக்கு எதிர்ப்பு ஓட்டுப் போட்டால் எழுதியவர் அங்கே சேர்த்துவைத்த நற்பெயர்ப் புள்ளியில் 2 குறையும். போட்டவருக்கும் 1 புள்ளி குறையும். கைக்காசு போகிறது என்றால் மனிதர் ஒரு நிமிடம் யோசிப்பார். கேள்வி கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலையே முதலில் நிறுத்தும் வழக்கத்தையும் அங்கே 2021-இல் கைவிட்டார்கள். தெரியாததால்தானே கேட்கிறார், அவர் தீர்ப்பு எப்படிக் கடைசித் தீர்ப்பாகும்? சரியான முடிவு.

அப்புறம், பதிலுக்கும் வயதாகும். பாம்பன் ரயில் பாலம் எப்படித் திறக்கிறது என்று கேட்டால், ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்குப் பாலத்தைத் திறப்பார்கள் என்ற பதில் ஒரு காலத்தில் சரி. 1914-இல் வந்த பாலத்தின் கதை அது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி மின்தூக்கி மாதிரி செங்குத்தாக மேலே போகிறது. பழைய பதிலுக்கு விழுந்த ஓட்டெல்லாம் அப்படியே இருக்கும், பாலம்தான் மாறிவிட்டது. அதனால் பதில் எழுதும்போது வருடத்தையும் இடத்தையும் சேர்த்தே எழுதுங்கள். தப்பான பதிலைக் கண்டால் ஓட்டோடு போய்விடாமல், எது தப்பு என்று கீழே ஒரு வரி போடுங்கள். தொண்டியிலோ ஏர்வாடியிலோ இருந்துகொண்டு “நமக்கென்ன தெரியும்” என்று ஒதுங்கவே ஒதுங்காதீர்கள்.

இன்று காலை இங்கே கிளம்பும் முன் அந்த ஆடி மாதக் கேள்வியைத் திறந்து பார்த்தேன். மீனவர் பதிலுக்குக் கீழே ஒருவர், “ஐப்பசியில் குழந்தைகளோடு வருகிறோம், எந்தப் பக்கம் நல்லது?” என்று கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. கடலுக்குப் போயிருப்பார்.