புதிய சர்வரின் கதவை முதலில் தட்டுவது யார்?

(திரையில்: கருப்பு முனையத்தில் பதிவு வரிகள் வேகமாக மேலேறுகின்றன.)

நண்பர்களே, வணக்கம். நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது, நேற்று மாலை நான் தொடங்கிய ஒரு மெய்நிகர் இயந்திரத்தின், அதாவது பெரிய கணினி ஒன்றுக்குள் தனிக் கணினிபோல இயங்கும் பகுதியின், பதிவு. இதன் ஐபி முகவரியை நான் யாரிடமும் சொல்லவில்லை; இதற்கென்று ஒரு டொமைன் பெயர்கூட வாங்கவில்லை. ஆனாலும் காலையில் திறந்து பார்த்தபோது, உள்ளே நுழைய முயன்று தோற்றவர்களின் வரிகள் பக்கம் பக்கமாக நீண்டிருந்தன. ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று ஒவ்வொரு பயனர் பெயராகச் சொல்லிக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

முகவரி தெரியாமல் எப்படி வந்தார்கள்? முகவரி தெரிய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. பரவலாகப் பயன்படும் ஐபி முகவரி வகையான ஐபிவி4இல் முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து, நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பை வைத்துக்கொண்டு, அந்த முகவரிவெளி முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்குள் சுற்றி வந்தது. உலகத்தின் எல்லாத் தெருக்களிலும் உள்ள எல்லா வீடுகளையும் ஒரு மதியத்துக்குள் பல முறை தட்டிப் பார்க்க முடியும் என்றால், புதிதாகக் குடிவந்த உங்கள் வீட்டை மட்டும் ஏன் விடப்போகிறார்கள்?

ஆகவே, மென்பொருள் எழுதுவதற்காக மேகத்தில், அதாவது நிறுவனங்கள் இணையம் வழியாக வாடகைக்குத் தரும் கணினிகளில், ஓர் இயந்திரத்தை அமைக்கும் இந்த வீடியோவில், கதவுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கப்போகிறேன்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் வித்தையை ஐபிஎம் 1960களிலேயே செய்துவிட்டது. 2003இல் ஸென் என்ற மென்பொருளும், 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் சேர்ந்த கேவிஎம்மும் அதைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்தன. 2006 ஆகஸ்டில் அமேசான் தன் இசி2 சேவையைத் தொடங்கி, அப்படிப்பட்ட இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுத்தது. இவ்வளவு போதும்.

எந்த ஊரில் தொடங்குவது என்ற கேள்விக்கு விடை, உங்கள் விரலுக்கு அருகில் என்பதுதான். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னையில் அமர்ந்து மும்பை இயந்திரத்தில் ஒரு எழுத்தைத் தட்டினால், அது போய்த் திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும்; அதே இயந்திரம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தால் ஏறத்தாழ 140 மில்லிநொடிக்குக் கீழே இறங்க வழியே இல்லை, நடைமுறையில் அதைவிடக் கூடும். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்ட் அஷூருக்குச் சென்னையிலேயேயும் மையங்கள் இருக்கும்போது, விலையில் சிறிது குறைகிறது என்பதற்காகக் கடல் கடந்து போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கு அந்தத் தாமதம் உண்மையான களைப்பைத் தரும்.

இப்போது கதவுக்கு வருவோம்.

(திரையில்: 21, 22, 23 என்ற மூன்று எண்கள்.)

தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச், ஏன் 22ஆம் போர்ட்டில், அதாவது 22 என்ற வாசல் எண்ணில், இருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? இந்தக் கதை எனக்கு எப்போதுமே மகிழ்ச்சி தருவது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினார்கள். அப்போது தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்பட்ட டெல்நெட்டும், கோப்புகளை அனுப்பிய எஃப்டிபியும் கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டையில் எழுதியதைப் போல அப்படியே அனுப்பின. அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென், இதற்கு மாற்றாக எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபியின் எண் 21, டெல்நெட்டின் எண் 23. நடுவில் 22 காலியாக இருந்தது. இரண்டையும் ஓய்வுபெறச் செய்யப்போகும் நிரலுக்கு அந்த இரண்டுக்கும் நடுவிலேயே இடம் கிடைத்தால் எவ்வளவு பொருத்தம்! அந்த ஆண்டு ஜூலையில், எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்புக்கு அவர் மின்னஞ்சலில் கேட்டார்; அங்கிருந்த ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் மறுநாளே எண்ணை ஒதுக்கிப் பதில் அனுப்பிவிட்டார். இன்று உலகெங்கும் உள்ள சர்வர்களின் வாசல் எண், அந்த ஒரு மின்னஞ்சலில் முடிவானது.

அந்த வாசலில் கடவுச்சொல்லை வைக்காதீர்கள், சாவி இணையை வையுங்கள். 'பொதுச்சாவி', 'தனிச்சாவி' என்ற சொற்கள் பலரைக் குழப்புகின்றன, ஏனென்றால் ஊருக்கெல்லாம் கொடுக்கும் பொருளை நாம் சாவி என்று அழைப்பதில்லை. இதை அரசர் காலத்து இலச்சினையாக எண்ணிப் பாருங்கள். முத்திரை மோதிரம் அரசரின் விரலைவிட்டு ஒருபோதும் இறங்காது; அதன் பதிவு எப்படி இருக்கும் என்பது மட்டும் கோட்டைக் காவலருக்குத் தெரியும். ஓலை வந்தால் காவலர் மெழுகைப் பார்த்துச் சரிபார்ப்பார். உங்கள் மடிக்கணினியில் இருக்கும் தனிச்சாவி அந்த மோதிரம். சர்வரில் வைக்கும் பொதுச்சாவி, காவலரிடம் உள்ள மாதிரிப் பதிவு. மோதிரத்தைவிட இது ஒரு படி மேலானது என்பதுதான் என்னை வியக்கவைப்பது: ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக உருவாகும் ஒரு தனி அடையாளத்தின் மேல்தான் கையொப்பம் விழுகிறது, ஆகவே இன்று பதித்த முத்திரையை ஒருவர் திருடி வைத்துக்கொண்டாலும் நாளைய ஓலைக்கு அது செல்லாது.

சாவி இணையை உருவாக்கும் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் ஈடி25519 வகையைத் தேர்ந்தெடுங்கள். அதன் பொதுச்சாவி, முன்னால் வரும் பெயரையும் சேர்த்து 80 எழுத்துகளில் ஒரே வரியாக அடங்கிவிடும். பழைய வகையான 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவியின் வரியோ 700 எழுத்துகளைத் தாண்டும். தனிச்சாவிக் கோப்பை உங்களைத் தவிர வேறொருவர் படிக்க முடிந்தால், எஸ்எஸ்எச் பெரிய எழுத்தில் எச்சரித்து, அந்தச் சாவியைப் பயன்படுத்த மறுத்துவிடும். அப்போது கோப்பை உங்களுக்கு மட்டும் உரியதாக்கும் சிஎச்மாட் 600 கட்டளையைக் கொடுத்தால் சரியாகிவிடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் மேகப் பதிப்புகளில் கடவுச்சொல் நுழைவு தொடக்கத்திலேயே அடைக்கப்பட்டிருக்கிறது. முதலில் நீங்கள் பார்த்த அத்தனை தட்டல்களும் தோற்றதற்கு அதுதான் காரணம். அவசரத்துக்காக அதைத் திறந்துவைக்கும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து செக்யூரிட்டி குரூப், அதாவது எந்த முகவரியிலிருந்து எந்தப் போர்ட்டை அடையலாம் என்று தீர்மானிக்கும் விதிகள். 22ஆம் போர்ட்டுக்கு 'எங்கிருந்தும்' என்ற விதியை நீக்கிவிட்டு, உங்கள் முகவரிக்குப் பின்னால் /32 என்று (அந்த ஒரே முகவரி என்று பொருள்) குறித்து, அதை மட்டும் அனுமதியுங்கள். வீட்டு பிராட்பேண்டின் முகவரி அடிக்கடி மாறுகிறது என்றால் வயர்கார்டு போன்ற தனிச் சுரங்கம் (மறையாக்கம் செய்த தனிப்பாதை) ஒன்றை அமைத்துக்கொண்டு, 22ஐ வெளியுலகத்துக்கு முழுவதுமாக மூடிவிடலாம். நான் இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறேன்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: 1 ஜிபி நினைவகம் கொண்ட, அமேசானின் டி3 மைக்ரோ என்ற சிறிய இயந்திரத்தில் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தை பில்டு செய்தால், பாதி வழியில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுபோகலாம். நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸே அந்தச் செயலை முடித்துவைத்தது என்று பொருள். 4 ஜிபியில் தொடங்கி, நினைவகம் போதாதபோது வட்டில் இடம் தரும் 2 ஜிபி ஸ்வாப் கோப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

(திரையில்: நிறுத்து, அழி என்ற இரண்டு தேர்வுகள்.)

பணத்தைப் பற்றி ஒரு கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். நீங்கள் வேலை செய்வது 50 மணி நேரம் என்றால், மீதி 118 மணி நேரத்துக்கு யாரும் இல்லாத அறையில் விளக்கு எரிகிறது. இரவில் தானாக நிற்கும்படி அமைத்துவிடுங்கள். நிறுத்தினாலும் வட்டுக்கு வாடகை உண்டு. அமேசானில் 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது 30 நாளுக்கு 3.6 டாலர் வருகிறது. 'அழி' என்ற தேர்வைத் தொட்டால் மூல வட்டும் சேர்ந்து போகும்படியே வழக்கமான அமைப்பு இருக்கும், ஆகவே நிரலைக் கிட் வழியாக வெளியே உள்ள களஞ்சியத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்திருப்பதை அன்றாட வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிறுவிய ஒவ்வொன்றையும், புதிய இயந்திரம் முதல்முறை எழும்போது படித்துச் செயல்படுத்தும் கிளவுட்-இனிட் கோப்பில் எழுதி வையுங்கள். என் கோப்பு 40 வரிதான். அதைக் கொடுத்தால் கிட், டாக்கர், நோட் ஆகிய கருவிகள் எல்லாம் ஏறிய புதிய இயந்திரம் சில நிமிடங்களில் தயாராகிவிடுகிறது.

இன்று ஒன்றைத் தொடங்குபவர்கள், விதியை இறுக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் விட்டு, நுழைவு முயற்சிகளைப் பதியும் ஆத் லாக் கோப்பில் 'இன்வேலிட் யூசர்' (இல்லாத பயனர்) என்று தேடிப் பாருங்கள். உங்கள் கதவை எந்தப் பெயரில் அதிகம் தட்டினார்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிக்க ஆவலோடு காத்திருக்கிறேன்.